படி ஏறும் நாற்காலி: விலை யார் கணக்கில்?

வீட்டில் ஸ்டேர் லிஃப்ட் போட எவ்வளவு ஆகும் என்று போனில் கேட்டதுமே ஒருவர் ஒரே தொகையைச் சொல்லிவிட்டால், அவர் இன்னும் உங்கள் படிக்கட்டைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தச் செலவில் நாற்காலியின் பங்கு சிறியது. படிக்கட்டு நேராகப் போகிறதா, இடையில் திரும்புகிறதா என்பதைப் பொறுத்து விலை இரண்டு மடங்கும் ஆகும், மூன்று மடங்கும் ஆகும். அடுத்து, அந்தப் படிக்கட்டு எந்த நாட்டில் இருக்கிறது என்பது. இங்கிலாந்தில் வருமானம் குறைந்த ஒரு மூதாட்டிக்கு நகராட்சி இலவசமாகப் பொருத்திக் கொடுக்கும் அதே கருவிக்குச் சென்னையில் ஒரு குடும்பம் புதுக் கார் வாங்கும் பணத்தைக் கட்ட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறது, இனி ஓயாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி மாநில மக்கள்தொகையில் 60 வயதை எட்டியவர்கள் 13.6 சதவீதம். 16.5 சதவீதம் உள்ள கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ‘கீழ் போர்ஷனை வாடகைக்கு விட்டுவிட்டு நாம் மாடியில் இருந்துகொள்ளலாம்’ என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வீடு கட்டியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. வாடகை வந்துகொண்டிருக்கிறது. முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை.

கருவியைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது குழி தோண்டி, தண்டு எழுப்பி, பெட்டிக்குள் நின்று போகும் லிஃப்ட் அல்ல. படிக்கட்டின் ஓரமாக ஓர் உலோகத் தண்டவாளம், அதன் மேல் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். தண்டவாளம் சுவரில் தொங்குவதில்லை; பெரும்பாலான மாடல்களில் படிகளின் மேலேயே கால் ஊன்றி போல்ட் போட்டு நிறுத்துகிறார்கள். ஆகவே ‘எங்கள் சுவர் தாங்குமா’ என்ற கவலை பெரும்பாலும் தேவையற்றது. கவலைப்பட வேண்டியது படியின் மேல் ஒட்டியிருக்கும் கிரானைட்டைப் பற்றி. சிமென்ட் சரியாகப் பிடிக்காமல் அடியில் பொள்ளலாக இருக்கும் கல்லில் துளை போட்டால் விரிசல் விடும். தட்டிப் பார்த்து ஓசை கேட்டுத்தான் துளையிட வேண்டும்.

தண்டவாளத்தில் ஒரு பல்வரிசை. நாற்காலிக்குள் மோட்டாரும் பல்சக்கரமும். ஓட்டுவது வீட்டு மின்சாரம் அல்ல, நாற்காலிக்குள் இருக்கும் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகள். மேல்முனையிலும் கீழ்முனையிலும் நாற்காலி வந்து நிற்கும்போது அவை தாமாகவே சார்ஜ் ஏறுகின்றன. அதனால் கரண்ட் போனாலும் பாதிப் படியில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை; சில தடவை ஏறி இறங்கலாம். கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் நாற்காலி நகரும், விரலை எடுத்தால் நின்றுவிடும். கால்தட்டின் விளிம்பில் ஒரு செருப்பு தட்டுப்பட்டாலும் நிற்கும். ஐரோப்பியத் தர விதியான இ.என். 81-40 இதன் வேகத்தை விநாடிக்கு 15 சென்டிமீட்டருக்குள் கட்டிப்போட்டிருக்கிறது. ‘அப்’ என்ற கார்ட்டூன் படத்தில் கிழவர் கார்ல் பின்னணி இசையோடு ஆடி அசைந்து கீழே இறங்கி வருவாரே, வேகம் ஏறக்குறைய அதுதான். பொறுமை இல்லாதவர் வீட்டில் இதைப் போட்டால் தினமும் சண்டை வரும்.

யோசனை பழையது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி உடல் பெருத்து நடக்க முடியாமல் போனபோது லண்டன் வைட்ஹால் அரண்மனையில் கயிறு கட்டி இழுக்கும் நாற்காலி ஒன்று இருந்ததாக வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்க்கி பழைய பொருள் பட்டியல்களிலிருந்து எடுத்துக் காட்டினார். மோட்டார் வைத்த வீட்டுக் கருவியை 1920-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சி.சி. கிறிஸ்பென் என்பவர் செய்து விற்றார். கிரேன் செய்வதில் தொடங்கிய பிரிட்டிஷ் குடும்ப நிறுவனமான ஸ்டானா 1975-ல் இந்தத் தொழிலில் இறங்கிய பிறகு அது பிரிட்டனில் சாதாரண வீடுகளுக்கும் பரவியது.

ஏன் பிரிட்டன்? அங்குள்ள வீட்டைப் பார்த்தால் புரியும். தெருவை ஒட்டி வரிசையாகச் சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டிய இரண்டடுக்கு வீடுகள். கீழே கூடமும் சமையலறையும். படுக்கையறையும் குளியலறையும் மாடியில். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் படியேறித்தான் ஆக வேண்டும். படியோ பெரும்பாலும் வாசலிலிருந்து ஒரே ஏற்றமாக நேரே மேலே போகும். தேவையும் இருக்கிறது, படியும் வசதியாக இருக்கிறது. உலகத்தில் ஸ்டேர் லிஃப்டின் விலையைப் புரிந்துகொள்ள வேறெந்த நாட்டையும்விட பிரிட்டன் நல்ல உதாரணமாவது இதனால்தான்.

அங்கே நேர்ப்படிக்கான புது லிஃப்ட் பொருத்துக்கூலியோடு சேர்த்துச் சுமார் 2,000 முதல் 4,000 பவுண்டுக்குள் முடிந்துவிடும். பழையதைச் சரிசெய்து விற்பது அதில் பாதிக்கும் கிடைக்கும். திரும்பும் படி என்றால் கணக்கு 5,000 பவுண்டுக்குப் பக்கத்தில் தொடங்கி 10,000 வரை போகும். அமெரிக்காவிலும் இதே விகிதம்தான்: நேர்ப்படிக்கு 3,000 முதல் 6,000 டாலர், வளைவுக்கு 9,000-லிருந்து 15,000, சமயத்தில் அதற்கு மேலும்.

இந்த இடைவெளிக்குக் காரணம் நாற்காலி அல்ல, தண்டவாளம். நேர்த் தண்டவாளம் நீளமாகத் தயாராக இருக்கும். வந்து, அளந்து, அறுத்து, அரை நாளில் பொருத்திவிட்டுப் போவார்கள். கழற்றினால் இன்னொரு வீட்டுக்கு வெட்டிப் போடலாம். வளைவுத் தண்டவாளம் உங்கள் படிக்கட்டுக்கு மட்டுமே பிறந்தது. அளவெடுக்க வருபவர் ஒவ்வொரு படியிலும் குறியீடு அச்சடித்த சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி, எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டு போவார். அந்தப் படங்களிலிருந்து கணினி படிக்கட்டின் முப்பரிமாண வடிவத்தைக் கட்டும்; தொழிற்சாலையில் குழாயை அதற்கேற்ப வளைப்பார்கள். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முக்கியமாக, அதற்கு மறுவிலை கிடையாது. அடுத்த வீட்டுப் படி அரை அங்குலம் தள்ளியிருந்தாலும் அது பழைய இரும்புதான். வாங்கியவர் இரண்டு வருடத்தில் காலமாகிவிட்டால் பிள்ளைகள் காசு கொடுத்து ஆளை அழைத்துக் கழற்றச் சொல்லும் நிலைமை அங்கே சகஜம்.

கொட்டேஷனில் முதலில் தெரியாத வரிகளும் உண்டு. நேர்த் தண்டவாளம் கடைசிப் படியைத் தாண்டித் தரையில் கொஞ்சம் நீண்டு வந்துதான் முடியும். அந்த இடத்தில் ஒரு கதவு இருந்தால் தண்டவாளத்தின் நுனியை மடக்கும் கீல் வேண்டும், அதையும் குனிந்து மடக்க முடியாதவருக்கு மோட்டார் வைத்த கீல் வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் நாற்காலி திரும்பி மாடித் தரையைப் பார்த்து நிற்க வேண்டும். கையால் திருப்புவது ஒரு விலை, பொத்தானில் திரும்புவது இன்னொரு விலை. பாட்டரிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். உத்தரவாதம் முடிந்ததும் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம். சேர்த்துப் பார்த்தால் முதலில் சொன்ன தொகையில் கால்பங்கு கூடிவிடுவதில் வியப்பில்லை.

விற்பனை முறையும் விலையின் ஒரு பகுதி. பிரிட்டனின் நியாய வணிக அலுவலகம் 2011-ல் முதியோர் நடமாட்டச் சாதனச் சந்தையை ஆராய்ந்தபோது, வீடு தேடி வந்து நெருக்கி விற்பதையும் விலையை ஒப்பிட முடியாமல் மறைப்பதையும் குறையாகச் சுட்டியது. ‘இன்று கையெழுத்துப் போட்டால் ஆயிரம் பவுண்டு தள்ளுபடி’ என்ற பாணி. வீட்டில் வைத்து விற்ற பொருளை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அங்கே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வாங்குபவரின் அளவுக்கென்றே செய்யப்படும் பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. வளைவு லிஃப்ட் விற்பவர்கள் இந்த விலக்கைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். இதே சிக்கல் ஜெர்மனியில் வழக்காகி, 2021-ல் அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வேறு மாதிரித் தீர்ப்புச் சொன்னது: இங்கே முக்கியம் பொருளை விற்பது அல்ல, ஒரு வீட்டுக்கேற்ற வேலையைச் செய்து முடித்துக் கொடுப்பது, ஆகவே இது வேலை ஒப்பந்தம், ரத்து செய்யும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. என்னைக் கேட்டால் நியாயம் ஜெர்மானிய நீதிமன்றத்தின் பக்கம்தான்.

இனிப் பணம் யார் கட்டுவது என்பது. இங்கிலாந்தில் 1996-ம் ஆண்டின் வீட்டு மானியச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிக்காக வீட்டை மாற்றியமைக்க 30,000 பவுண்டு வரை மானியம் உண்டு. வேல்ஸில் உச்சவரம்பு 36,000. சலுகை அல்ல, தகுதி இருந்தால் கொடுத்தே தீர வேண்டிய உரிமை. முழு விண்ணப்பம் வந்த 6 மாதத்துக்குள் உள்ளூர் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முன் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, அந்த மனிதர் எப்படி எழுகிறார், எப்படி உட்காருகிறார், எந்தப் படியில் மூச்சு வாங்குகிறார் என்று பார்த்து, இன்னது தேவை என்று எழுதுவார். என் கணிப்பில் பணத்தைவிடப் பெரிய உதவி இந்த வருகைதான். விற்க வராத ஒருவர் வந்து பார்க்கிறார். ஆயிரம் பவுண்டுக்குள் முடியும் கைப்பிடி போன்ற சிறு வேலைகளுக்கு வருமானச் சோதனை இல்லாமலே இலவசம். ஸ்காட்லாந்தில் முறை வேறு. அத்தியாவசிய மாற்றங்களுக்குக் குறைந்தது 80 சதவீதம் கொடுத்தாக வேண்டும். வரியிலும் தள்ளுபடி உண்டு. நீண்டகால நோயோ குறைபாடோ உள்ளவருக்கு ஸ்டேர் லிஃப்டுக்கு வாட் பூஜ்யம், 60 வயதைத் தாண்டிய பிறருக்கு வழக்கமான 20-க்குப் பதில் 5 சதவீதம்.

லண்டன் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பெற்றோரைக் கூடவே வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இதில் இருக்கிறது. வருமானச் சோதனை குறைபாடுள்ள பெரியவரையும் அவருடைய துணைவரையும் மட்டுமே பார்க்கும். வீட்டுக்கார மகனின் சம்பளம் கணக்கில் வராது. ‘நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்க்கிறோம், எங்களுக்கு யார் தருவார்கள்’ என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடக் கூடாது. ஒப்புதல் வருமுன் வேலையை ஆரம்பித்துவிட்டால் மானியம் போய்விடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். சொந்த வீட்டுக்காரரே விண்ணப்பித்து, மானியம் 5,000 பவுண்டைத் தாண்டினால், 10 ஆண்டுக்குள் வீட்டை விற்கும்போது ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கும் உரிமையைக் கவுன்சில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியில் கட்டாயப் பராமரிப்புக் காப்பீட்டிலிருந்து வீட்டு மாற்றத்துக்கு 4,000 யூரோ வரை கிடைத்துவந்தது. 2025 ஜனவரி முதல் அது 4,180. வளைவு லிஃப்டின் விலைக்கு அது பாதிகூட வராது, ஆனாலும் பெரிய கைகொடுப்பு. பிரான்ஸில் 2024-ல் தொடங்கிய மா பிரைம் அடாப்ட் திட்டம், வருமானம் குறைந்த முதியவர்களுக்கு 22,000 யூரோ வரையிலான வேலையில் பாதியையோ 70 சதவீதத்தையோ ஏற்கிறது. ஜப்பானின் பராமரிப்புக் காப்பீடு வீட்டுத் திருத்தத்துக்கு 2 லட்சம் யென் வரை அனுமதித்தாலும் அந்தப் பட்டியலில் இருப்பது கைப்பிடி, தரைமட்டம் சரிசெய்தல் போன்றவைதாம். ஸ்டேர் லிஃப்ட் இல்லை. அமெரிக்காவில் மெடிகேர் இதை மருத்துவச் சாதனமாகவே ஏற்பதில்லை. முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் பணிசார்ந்த குறைபாட்டுக்கு 6,800 டாலர், மற்றதற்கு 2,000 டாலர் வரை ஆயுளுக்கு ஒரு மானியம் இருக்கிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டில் சில மாநிலங்கள் தனித் திட்டங்களின் கீழ் கொடுக்கின்றன. மற்றவர்களுக்குச் சொந்தக் கைதான்.

இப்போது நம் ஊர்ப் படிக்கு வருவோம். சிக்கல் முதல் திருப்பத்திலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டுத் தனி வீடுகளில் ஒரே ஏற்றமாக மேலே போகும் படி அபூர்வம். பத்துப் படி ஏறி, நடுவில் ஒரு தளம், அங்கே முழுதாகத் திரும்பி இன்னொரு ஒன்பது, பத்துப் படி. இடம் மிச்சம் என்பது ஒரு காரணம். வலமாகச் சுற்றித்தான் ஏற வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர் விதித்தது இன்னொரு காரணம். வாஸ்துக்காரர்களுக்கு வளைவுத் தண்டவாளம் செய்யும் கம்பெனிகள் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்கெட் அனுப்பலாம். இடம் நெருக்கடியான வீடுகளில் நடுத்தளமும் இருக்காது; மூலையில் விசிறிபோல விரியும் முக்கோணப் படிகள் இருக்கும். அது இன்னும் கஷ்டமான வளைவு.

இதனால் பிரிட்டனில் பலருக்குக் கிடைக்கும் மலிவான வாய்ப்பு நம்மில் பலருக்கு அடைபட்டிருக்கிறது. இங்கே நேர்ப்படி லிஃப்ட் சுமார் இரண்டரை முதல் ஐந்து லட்ச ரூபாய்க்குள் வரும். திரும்பும் படிக்கு ஆறு லட்சத்துக்குக் குறைந்து எதிர்பார்க்க வேண்டாம். பத்து, பன்னிரண்டு லட்சம் என்று கொட்டேஷன் வந்தால் அதுவும் வழக்கமானதே. நல்ல வளைவுத் தண்டவாளங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருகின்றன. இங்கே எடுத்த அளவு அங்கே போய், வளைத்த குழாய் கப்பலில் வரும். அளவில் பிழை இருந்தால் திருத்தமும் அதே வழியில்தான். மேலே வரி. சக்கர நாற்காலிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. லிஃப்ட் இனத்துக்கு 18 சதவீதம். நடக்க முடியாதவர் தரையில் நகர்ந்தால் ஒரு வரி, படியில் நகர்ந்தால் மூன்றரை மடங்குக்கும் மேல் வரி என்பது எந்தத் தர்க்கத்தில் அடங்கும் என்று தெரியவில்லை.

அரசு உதவி? 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காதுக்கருவி, பல்செட், மூக்குக் கண்ணாடி போன்றவை இலவசம். படிக்கட்டைப் பற்றி அது யோசிக்கவில்லை. யோசிக்கவும் முடியாது என்பதும் உண்மை, ஏனென்றால் அந்தப் பயனாளிகளுக்கு மாடி வீடு இருக்காது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் சாய்தளமும் லிஃப்டும் கேட்கிறது. சொந்த வீட்டுக்குள் வருவதில்லை. மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிக் கட்டிலோடு நின்றுவிடுகிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் உள்ள பெற்றோரைப் பராமரிப்பவருக்குப் பழைய வருமான வரி முறையில் 75,000 ரூபாய், தீவிரக் குறைபாடு என்றால் 1,25,000 ரூபாய் வரிக்கழிவு உண்டு. லிஃப்டுக்கென்று கொடுப்பதல்ல, ஆனாலும் அந்தச் சான்றிதழை வாங்கி வைப்பது நஷ்டமில்லை. வயதான முழங்கால் வலி மட்டும் என்றால் சான்றிதழே கிடைக்காது.

ஆகவே நம் ஊரில் இது முழுக்க முழுக்கக் குடும்பக் கணக்கு. அந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டால் லிஃப்டுக்குப் போட்டியாக முதலில் வந்து நிற்பது கீழ் போர்ஷன். கீழே மாதம் 15,000 வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,80,000. எட்டு லட்ச ரூபாய் வளைவு லிஃப்ட் என்பது ஏறக்குறைய நாலரை வருட வாடகை. பராமரிப்பையும் பாட்டரியையும் சேர்த்தால் ஐந்து வருடம். பெரியவருக்கு இப்போது 72 வயது, உடம்பு மற்றபடி திடமாக இருக்கிறது என்றால், வாடகையை விடாமல் லிஃப்ட் போடுவது கணக்கில் தேறும். 84 வயதாகி, வருடத்துக்கு வருடம் தளர்ந்து வருகிறார் என்றால், குடியிருப்பவருக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்துக் கீழே இறங்கிவிடுவதே மேல். கீழே குளியலறையில் வழுக்காத தரை, வெஸ்டர்ன் டாய்லெட், இரண்டு கைப்பிடி போட ஒன்றரை, இரண்டு லட்சத்துக்குள் முடியும். இந்தக் கணக்கைப் பலர் போடுவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்புவது சுலபம். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்வது இங்கிருக்கும் பெற்றோருக்குக் கஷ்டம். கஷ்டமில்லாத வழியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு போட்டி, வீட்டுக்குள் போடும் சிறிய லிஃப்ட். எட்டு லட்சத்தில் தொடங்கி இருபது வரை. அதற்கு மேல் தளத்தை வெட்டும் வேலை, மின் ஆய்வுத் துறை அனுமதி. வளைவு ஸ்டேர் லிஃப்டின் விலை பத்தைத் தொடும்போது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். சக்கர நாற்காலியோடு உள்ளே போகலாம், அரிசி மூட்டையும் போகும், வீட்டின் மதிப்பும் கூடும். இடம் இருந்து, வீடும் சொந்தமாகவே இருக்கப்போகிறதென்றால், பத்து லட்சத்துக்கு மேல் வளைவுத் தண்டவாளத்துக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது, இரண்டு நேர் லிஃப்டுகள்: கீழ் ஏற்றத்துக்கு ஒன்று, மேல் ஏற்றத்துக்கு ஒன்று. விலை வளைவைவிடக் குறையலாம். ஆனால் நடுத்தளத்தில் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டடி நடந்து, அடுத்ததில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் கீழே இறங்கும் படி வாய் திறந்திருக்கும் இடத்தில், எழுந்து உட்காருவதில் தடுமாறுகிறவரை இப்படி இரண்டு முறை எழ வைப்பது ஆபத்து. தானாக நன்றாக நிற்கக்கூடியவர், ஏறினால் மூச்சுதான் வாங்குகிறது என்ற இதய நோயாளிக்குச் சரி. சமநிலை இல்லாதவருக்குக் கூடாது.

வெளிப்புறப் படி நம் ஊரின் தனி விசேஷம். மாடிக்குத் தனி வழி வேண்டுமென்று வாசலோரம் வெயிலில் கட்டிய படி. அதற்கென்று மழை தாங்கும் மாடல்கள் உண்டு, மேலே உறையும் தருவார்கள். ஆனால் மே மாத வெயிலில் ஈய அமிலப் பாட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று பல்சக்கரத்தை அரிக்கும். தலைக்கு மேல் ஷீட் போடாமல் வெளிப்படியில் இதைப் பொருத்தச் சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடி அடுக்ககங்களில் வேறு பிரச்சினை. படி எல்லாருக்கும் பொது. நாற்காலியை மடக்கி வைத்தாலும் 30 முதல் 40 சென்டிமீட்டர் இடத்தைப் பிடிக்கும். மூன்றடிப் படியில் மிச்சம் இருப்பது 50, 60 சென்டிமீட்டர். தீப்பிடித்தால் ஓட, ஸ்ட்ரெச்சரில் ஒருவரை இறக்க அது போதாது. சங்கத்தில் மற்றவர்கள் மறுத்தால் அவர்களை மனசாட்சி இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அங்கே பொதுச் செலவில் வெளிப்பக்கமாக லிஃப்ட் கட்டுவதுதான் வழி. தரைத்தளக்காரர் பங்கு தரமாட்டேன் என்பார், அது வேறு கதை.

காசு இருந்தாலும் வாங்கக் கூடாதவர்கள் இருக்கிறார்கள். மறதி நோய் முற்றியவருக்குப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் என்பதும், பாதிவழியில் எழக்கூடாது என்பதும் நினைவில் நிற்காது. வலிப்பு வருபவர், உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரிபவர், முழங்காலை மடக்கவே முடியாதவர் ஆகியோருக்கும் இது பொருந்தாது. அரைகுறையாகச் சாய்ந்து நிற்கும் மாடல் முழங்கால் மடங்காத சிலருக்கு உதவும். பல மாடல்கள் தாங்கும் எடை 120 முதல் 140 கிலோ. ஏறப்போகிறவரின் எடையைச் சொல்லிக் கேட்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சக்கர நாற்காலிகள் தேவைப்படும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிட ஓர் ஆளும் தேவைப்படும். அந்த ஆளின் மாதச் சம்பளம் எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

மிகவும் மலிவான ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் வீடுகளில் படிக்குக் கைப்பிடி ஒரு பக்கம்தான். மறுபக்கம் வெறும் சுவர். அந்தச் சுவரில் எவர்சில்வர் குழாயில் இரண்டாவது கைப்பிடி போடச் சில ஆயிரங்கள் ஆகும். கூடவே ஒவ்வொரு படியின் நுனியிலும் வழுக்காத பட்டை, மேலும் கீழும் ஸ்விட்ச் உள்ள நல்ல விளக்கு. நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும், இன்னும் கால் பலம் இருக்கும் எத்தனையோ பேருக்கு இதுவே இன்னும் சில ஆண்டுகளுக்குப் போதும். விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார். பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஒருமுறை வீட்டுக்கு அழைத்துப் படியேறச் சொல்லிக் காட்டுங்கள், அவர் சொல்வார்.

எல்லாம் யோசித்து லிஃப்ட்தான் என்று முடிவானால், முன்பணம் கட்டுவதற்கு முன் நான்கு பதில்களை எழுத்தில் வாங்குங்கள். பாட்டரி மாற்ற என்ன ஆகும், எத்தனை வருடத்தில்? உங்கள் ஊரிலேயே சர்வீஸ் ஆள் இருக்கிறாரா, கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் வருவார்? சர்க்யூட் போர்டு போன்ற உதிரிகள் இந்தியாவில் இருப்பில் உள்ளனவா? பிற்பாடு தேவையில்லாமல் போனால் கழற்றித் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, எந்த விலைக்கு? கடைசிக் கேள்விக்கு நேர்ப்படி விற்பவரிடமிருந்தாவது ஒரு தொகை வர வேண்டும். அதே மாடல் பொருத்தி இரண்டு வருடமான வீடு ஒன்றின் முகவரியையும் கேளுங்கள், போய் உட்கார்ந்து ஏறிப் பாருங்கள்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் கதவு அகலமான குளியலறையும் பிளானிலேயே இருக்கட்டும். மாடிக்கு ஒரே நேராக, மூன்றரை அடி அகலத்தில் படி போட இடமிருந்தால் போடுங்கள். படியின் அடியிலும் உச்சியிலும் ஒரு பிளக் பாயின்ட் விட்டு வையுங்கள். கான்கிரீட் ஊற்றுமுன் பிளானில் இந்த மாற்றத்துக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். ஊற்றிய பிறகு அதே மாற்றத்தின் விலை ஆறு லட்சத்திலிருந்து தொடங்குகிறது.